மருந்து அடிக்காமல் வீட்டுப் புல்தரை: வன்னி வெயிலில் முடியுமா?

கிணற்றடி (வட்டக்கச்சி) · ஜூலை 18, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். வயலையும் தோட்டத்தையும் பற்றிப் பேசுகிற இடத்தில் முற்றத்துப் புல்லைப் பற்றிக் கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

வெளியில் இருக்கும் அண்ணா போன வருடம் வந்து வீட்டைத் திருத்திக் கட்டினார். முன்பக்கம் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் புல்தரை வேண்டும் என்று ஆசைப்பட்டார். கட்டிட வேலை எடுத்தவரே நவம்பரில் மலேசியன் புல்லைச் சதுரம் சதுரமாகக் கொண்டுவந்து பதித்துவிட்டுப் போனார். மாரி முழுவதும் பாய் விரித்த மாதிரி இருந்தது. பங்குனி வெயிலோடு நடுவில் மஞ்சள் விழுந்தது. சித்திரையில் கோரை தலைகாட்டியது. இப்போது ஆடியில் பார்த்தால் பாதிக்கு மேல் கோரையும் தொட்டாற்சுருங்கியும்தான். வேலிப் பக்கம் நெருஞ்சி. சோளகக் காற்று அடிக்கும்போது காய்ந்த இடத்திலிருந்து மண் கிளம்பி விறாந்தைக்குள் வருகிறது.

போன கிழமை புல்லு வெட்ட வருபவர் முதுகில் களைநாசினி ரங்கியோடு வந்து நின்றார். "ஒருக்கா அடிச்சால் எல்லாம் எரிஞ்சிடும்" என்றார். அம்மா படலையிலேயே மறித்துவிட்டார். புல்தரை முடியும் இடத்திலிருந்து கிணறு பதினைந்து அடி. குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். என் மகளுக்கு நான்கு வயது, பின்னேரம் முழுக்க வெறுங்காலோடு அந்தப் புல்லில்தான் கிடப்பாள்.

அம்மா மறித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாசி மாதம் பக்கத்துக் காணி வேலியோரம் யாரோ அகல இலைக் களைக்கு மருந்து அடித்தார்கள். காற்று எங்கள் பக்கம். ஒரு கிழமைக்குள் எங்கள் தக்காளியின் குருத்து எல்லாம் திரித்த நூல் மாதிரிச் சுருண்டது. இலை கையில் எடுத்தால் தோல் மாதிரித் தடிப்பாக இருந்தது. பூத்த பூ ஒன்றுகூடக் காய்க்கவில்லை.

மருந்து இல்லாமல் இந்தப் புல்லைக் காப்பாற்ற முடியுமா? அண்ணா ஆசைப்பட்டுச் செய்தது, சாகவிட மனம் வரவில்லை.

பழைய_போதனாசிரியர் (உருத்திரபுரம்) · ஜூலை 18, இரவு 9.35

பிள்ளை, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தக்காளிக்கு வந்தது நெல் வயலில் அகல இலைக் களைக்கு அடிக்கும் மருந்தின் வேலைதான். எம்.சி.பி.ஏ., 2,4-டி போன்றவை. புல்லினத்தைத் தொடாது. தக்காளி, மிளகாய், முருங்கை, பப்பாசி எல்லாவற்றையும் முறுக்கிவிடும். காற்றில் வரும் தூறல் மட்டுமே தக்காளிக்குப் போதும்.

இனிப் புல்லுக்கு வருவோம். உங்கள் புல் களையால் சாகவில்லை. தண்ணீர் காணாமல் செத்த இடத்தில் களை வந்து குடியேறியது. மலேசியன் புல் அகல இலைப் புல், வேர் மேலோட்டமானது, நிழலும் ஈரமும் கேட்பது. கொழும்புப் பக்கம் அது நன்றாக நிற்கும், அங்கே இரண்டு பருவக் காற்றுக்கும் மழை உண்டு. நமக்கு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியோடு பெரிய மழை முடிந்துவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை வெயிலும் சோளகமும்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். வெயில் காலத்தில் இந்த வகைப் புல் பச்சையாக நிற்கக் கிழமைக்கு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். உங்களுடையது 100 சதுர மீற்றர். கிழமைக்கு 2500 லீற்றர். ஆயிரம் லீற்றர்த் தாங்கி இரண்டரை. ஆவணியில் கிணறு அடிமண் தெரியக் கிடக்கும்போது அந்தத் தண்ணீரைப் புல்லுக்கு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே என் யோசனை, வெயில் படும் பகுதியில் அறுகுக்கு மாறுங்கள். அது நம் நிலத்துப் புல். கோடையில் இலை காய்ந்து பழுப்பாகும், பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்பார்கள். மண்ணுக்குள் ஓடும் தண்டு உயிரோடு கிடக்கும். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி என்று கலியாண வீட்டில் வாழ்த்துகிறோமே, அந்த ஓட்டத்தைத்தான் சொல்கிறேன். ஒரு நல்ல மழை விழுந்து கிழமை திரும்ப முன் துளிர்த்துவிடும். மாமர நிழல் இருந்தால் அதன் கீழ் மலேசியன் புல்லையே விடலாம், அறுகுக்கு நிழல் ஆகாது.

இப்போது எதையும் நடாதீர்கள். ஆடியில் நட்டால் வீண் கூலி. ஒக்டோபர் மழை வரும்வரை களையை அடக்குங்கள், நிலத்தைத் திருத்துங்கள். கட்டிட வேலை நடந்த இடம் என்பதால் மண் இறுகியிருக்கும். அலவாங்கு எடுத்து ஒரு சாணுக்கு ஒன்று குத்தி, ஆட்டி, ஓட்டை விட்டுப் போனால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

மணலாறு_வரம்பு · ஜூலை 18, இரவு 10.02

ஐயா சொன்ன அலவாங்கு விடயத்தில் ஒரு சொல். பிள்ளை, அந்த இடம் முன்பு ஆழமாகக் கிண்டிய இடமா? எங்கள் ஊரில் மீள்குடியேறி எத்தனையோ வருடம் கழித்தும் கிணற்றுக்கு வெட்டும்போது பழைய எறிகணை வந்தது. மிதிவெடி அகற்றி ஒப்படைத்த காணி என்றாலும் அடிமண்ணில் என்ன கிடக்கிறது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. குத்துவதற்கு முன் வீடு கட்டியபோது அந்த இடம் எவ்வளவு வெட்டிப் புரட்டப்பட்டது என்று விசாரியுங்கள். இரும்பு தட்டுப்பட்டால் நிறுத்துங்கள், தொடாதீர்கள், இழுத்துப் பார்க்காதீர்கள். பிள்ளையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். 119 எந்த நேரமும் எடுப்பார்கள்.

பழைய_போதனாசிரியர் · ஜூலை 18, இரவு 10.11

மிகச் சரி. நான் அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். தெரியாத நிலமென்றால் குத்தவே வேண்டாம். மேலே எரு போட்டுவிட்டால் மண்புழு வந்து மெல்ல மெல்ல அந்த வேலையைச் செய்யும்.

கிணற்றடி · ஜூலை 19, காலை 6.20

நன்றி ஐயா, நன்றி அண்ணா. அம்மாவிடம் கேட்டேன். முன்பக்கம் முழுவதையும் அத்திவாரம் போடும்போது இயந்திரத்தால் ஒரு ஆள் இடுப்பளவுக்கு வெட்டிப் புரட்டி, பிறகு கிரவல் போட்டு நிரப்பினார்களாம். அந்தக் கிரவலுக்கு மேல்தான் இரண்டு விரல் கனத்துக்கு மண் பரவிப் புல் பதித்திருக்கிறார்கள். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நெல்லுக்காரன் (முள்ளியவளை) · ஜூலை 19, காலை 7.45

எல்லோரும் ஒரு பக்கமாகப் பேசுகிறீர்கள், மறுபக்கத்தை நான் சொல்கிறேன். இயற்கை முறை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு 2021 பெரும்போகம்தான் ஞாபகம் வருகிறது. இரசாயன உரமும் மருந்தும் ஒரே நாளில் இல்லை என்று அரசாங்கம் சொன்னது. நவம்பரில் திருப்பி எடுத்தார்கள், அதற்குள் விதைத்தாயிற்று. வயலில் நெல்லைவிடக் கோழிச்சூடன் களை உயரமாக நின்றது. அந்த வருடக் கடனை இன்னும் கட்டுகிறேன்.

கிளைபோசேற் களைநாசினிக்கும் அதே கதை. 2015 இல் தடை, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள், 2022 ஓகஸ்டில் எல்லோருக்கும் திறந்தார்கள். அது மண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும், ஓடிக் கிணற்றுக்குள் போகாது என்றுதான் படித்தவர்கள் சொல்கிறார்கள். முற்றத்தில் ஒரு தரம் அடிப்பதற்கு இவ்வளவு பயமா? கோரையைக் கையால் பிடுங்கி முடிக்கலாம் என்று சொல்பவர் கோரை பிடுங்கியதில்லை.

இரவுக்கடமை (கிளிநொச்சி) · ஜூலை 19, பிற்பகல் 2.30

நெல்லுக்காரன் அண்ணா, 2021 இல் உங்களுக்கு நடந்தது அநியாயம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நெல் உங்கள் வீட்டுச் சோறு. இந்தப் புல்லை யாரும் உண்பதில்லை, விற்பதில்லை. வயலில் மருந்து வேண்டுமா என்ற கேள்வி பெரியது, அதற்குள் நான் போகவில்லை. விளையாடும் முற்றத்துக்கு அது தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 மார்ச்சில் கிளைபோசேற்றை அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகுப்பில் போட்டது. அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் அப்படி இல்லை என்கிறது. வடமத்தியிலும் வவுனியாப் பக்கமும் இருக்கும் சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணம் என்று சிலர் எழுதினார்கள், அது நிறுவப்படவில்லை. மண்ணில் பிடிக்கும் என்று நீங்கள் சொன்னதும் கிளைபோசேற்றைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் வேலிக்கு அடித்த அகல இலை மருந்து அப்படிப் பிடிப்பதில்லை, தண்ணீரோடு நகரும். ரங்கியில் எது கலந்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு யார் சொல்கிறார்கள்?

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. மீதி மருந்து எங்கே போகிறது? சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினி மூலையிலோ மாட்டுக் கொட்டிலிலோ வைக்கிறார்கள். ஆஸ்பத்திரி விடுதியில் பணி செய்பவர்களுக்கு அந்தப் போத்தல்களைத் தெரியும். ஒரு பிள்ளையின் தகப்பன் நீல மூடிப் போத்தலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், உள்ளே இரண்டு விரல் அளவு மீதி இருந்தது. பிள்ளை தப்பியது. அந்தப் போத்தல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோபத்தில் ஒரு நிமிடம் தவறிப் போனவர்களையும் பார்த்திருக்கிறோம். இலங்கையில் 1995 இல் மிகக் கொடிய வகை மருந்துகளை நிறுத்தினார்கள், 1998 இல் எண்டோசல்பான், 2008 தொடங்கி 2011 க்குள் பராகுவாற்றும் இன்னும் இரண்டும் போயின. தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. வீட்டில் போத்தல் இல்லாததே ஒரு பாதுகாப்பு. புல்லுக்காக அதைப் படலைக்குள் விடாதீர்கள்.

பனிக்குள்_வன்னியான் (ரொறன்ரோ) · ஜூலை 19, மாலை 6.05

தங்கச்சி, உங்கள் அண்ணா ஒன்ராறியோவில் இருப்பவரென்றால் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள். இங்கே 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுப் புல்தரையில் அழகுக்காகக் களைநாசினி அடிப்பது மாகாணம் முழுவதும் தடை. அதற்கு முன்பே கியூபெக்கில் ஹட்சன் என்ற சின்ன ஊர் 1991 இல் தனக்கென்று ஒரு விதி போட்டது. புல்தரைக்கு மருந்து அடிக்கும் கம்பனிகள் வழக்குப் போட்டன. 2001 இல் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இங்கே எங்கள் பிள்ளைகள் விளையாடும் புல்லில் அடிக்கக் கூடாது என்று இருக்கும்போது, ஊரில் கிணற்றடியில் அடிக்கலாமா?

தடை வந்தபோது இங்கேயும் புல் எல்லாம் அழியும் என்று சொன்னார்கள். மஞ்சள் பூக் களை கூடியது உண்மை. சனம் புல்லை உயரமாக வெட்டப் பழகியது, வெற்றிடத்தில் உடனே விதை போடப் பழகியது. என் முற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு குளோவர் செடி. தேனீ வருகிறது. எனக்கு அது போதும்.

உழவாரம் (ஒட்டுசுட்டான்) · ஜூலை 19, இரவு 9.15

நெல்லுக்காரன் அண்ணா, நான் கோரை பிடுங்கியவள். இரண்டு வருடம். அதனால் எழுதுகிறேன்.

கோரையை இழுத்தால் மேலே இலை மட்டும் கையில் வரும். கீழே நூல் மாதிரி ஒரு வேர், அதன் நுனியில் கச்சான் பருப்பளவில் கறுத்த கிழங்கு. அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு நூல், இன்னொரு கிழங்கு. மாலை கோத்த மாதிரி. ஒன்றை அறுத்தால் அதுவரை உறங்கிக் கிடந்த அடுத்தது முளைக்கும். கத்தியால் கீறி மூக்கில் வைத்தால் நல்ல மணம், அதுதான் கோரைக்கிழங்கு, நாட்டு வைத்தியர் கடையில் வாங்குவது. மருந்து அடித்தாலும் அந்த நேரம் இலை வைத்திருக்கும் கிழங்குதான் சாகும், உறங்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆவதில்லை. கிளைபோசேற் என்றால் பக்கத்துப் புல்லும் சேர்ந்து எரியும். வெற்றிடத்தில் திரும்ப முதலில் வருவது யார்? கோரைதான்.

நான் செய்தது இதுதான். நிலம் ஈரமாக இருக்கும்போது மெல்லிய அலவாங்கு முனையை விட்டு நெம்பி, கிழங்கோடு எடுப்பேன். பெரும்பாலான கிழங்கு ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். எடுத்ததை எருக்குழியில் போடக் கூடாது, சிமெந்து நிலத்தில் வெயிலில் காயவைத்து எரிப்பேன். பத்து நாளைக்கு ஒரு தரம், இரண்டு மூன்று இலை வைத்தவுடனே. அந்த வயதில் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துவிட்டிருக்கும், புதுக் கிழங்கு இன்னும் வைத்திராது. ஐந்தாறு இலை வரும்வரை விட்டால் நீங்கள் தோற்றீர்கள். முதல் வருடம் ஒரு சதுர அடியில் இருபது முளை எடுத்தேன். இரண்டாவது மாரி முடிய அதே இடத்தில் மூன்றோ நான்கோ.

அதற்கு நிழல் பிடிக்காது. அறுகு அடர்ந்துவிட்டால் பாதி வேலையை அது செய்யும்.

தொட்டாற்சுருங்கிக்கு உழவாரமே போதும். தலைக்குக் கீழே, மண் மட்டத்துக்குச் சற்று உள்ளே வைத்துச் செருக்கினால் திரும்ப வராது. காய் முள்ளு வைக்க முன் செய்ய வேண்டும், அதன் விதை மண்ணில் பல வருடம் கிடக்கும். நெருஞ்சியும் அப்படித்தான், காய் பச்சையாக இருக்கும்போது நடுவேரைப் பிடித்து இழுத்தால் கொடி முழுவதும் வட்டமாகக் கழன்று வரும். பார்த்தீனியம் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், கையுறை போட்டுப் பூக்க முன் பிடுங்குங்கள். சிலருக்குத் தோல் பொங்கும், இழுப்பும் வரும்.

சாரணையும் மூக்கிரட்டையும் வந்தால் என்னிடம் கேட்காதீர்கள், நாங்கள் அதைச் சுண்டுகிறோம். மருந்து படாத முற்றத்தில்தான் அது முடியும்.

முறிகண்டி_வழி · ஜூலை 20, காலை 9.00

உப்பும் வினாகிரியும் சவர்க்காரத் தண்ணீரும் கலந்து அடித்தால் களை கருகும் என்று யூரியூப்பில் பார்த்தேன். எங்கள் பக்கம் வேலியோரம் கழிவு ஒயில் ஊற்றுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் மருந்து இல்லைத்தானே?

பழைய_போதனாசிரியர் · ஜூலை 20, காலை 10.20

தம்பி, கழிவு ஒயில் இவை எல்லாவற்றிலும் மோசம். இயந்திரம் தேய்ந்த உலோகமும் எரிந்த எண்ணெயும் அதில் இருக்கிறது, மழையோடு கிணற்றுக்குப் போனால் எடுக்க வழியில்லை. வேலிக் கதியாலும் பட்டுப்போகும்.

உப்பு களையைக் கொல்லும், பிறகு அந்த மண்ணில் எதுவும் முளைக்காது. கரையோரக் காணிகளில் உவர் ஏறி நாம் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே கையால் உப்பைக் கொட்டலாமா? வினாகிரி இலையைத்தான் கருக்கும், கோரைக் கிழங்குக்கு எட்டாது. கல் பதித்த நடைபாதை இடுக்கில் வரும் சின்னக் களைக்குக் கொதிதண்ணீர் ஊற்றுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு. அது போதும்.

கிணற்றடி · ஜூலை 20, இரவு 8.50

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணாவோடும் கதைத்தேன். அவர் ஒன்ராறியோதான், தடை தெரியும் என்றார், ஊரில் யாராவது அடிப்பார்கள் என்று நினைக்கவில்லையாம். ஆடியில் பழுப்பாகக் கிடக்கட்டும், நான் வரும் மார்கழிக்குப் பச்சையாக இருந்தால் சரி என்று சொல்லிவிட்டார். அதுவே பாதிப் பாரம் இறங்கின மாதிரி.

மூன்று கேள்வி. கோரை நிறைந்த நடுப்பகுதியை ஒரேயடியாக அடக்க வழி உண்டா? காய்ந்த ஓரத்தில் கறையான் மண் கட்டியிருக்கிறது, அதற்கு என்ன செய்வது? பாம்புக்குப் பயந்து சுற்றிவரப் புல்லே வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மம்மா, அவருக்கு என்ன சொல்வது?

உழவாரம் · ஜூலை 20, இரவு 9.40

அக்கா, நடுப்பகுதிக்கு இப்போது நல்ல காலம். நிலத்தை நன்றாக நனைத்துவிட்டு ஒளி புகாத கனத்த தறப்பாளால் மூடி, சுற்றிவர மண் அணைத்து, ஆவணியும் புரட்டாதியும் அப்படியே விடுங்கள். மெல்லிய பொலித்தீன் வேண்டாம், கோரையின் முனை ஊசி மாதிரி அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தறப்பாளுக்குக் கீழே முளைப்பது வெள்ளையாக நீண்டு வாடிப் போகும். மேல்மண் கிழங்கு நிறையச் செத்துவிடும். ஆழத்தில் கிடப்பது மழைக்கு வரும், அதைக் கையால் எடுக்க வேண்டியதுதான்.

பழைய_போதனாசிரியர் · ஜூலை 21, காலை 6.30

கறையான் பெரும்பாலும் செத்த புல்லைத் தின்ன வந்தது. உயிருள்ள புல்லை அது முதலில் தேடுவதில்லை. காய்ந்த சருகை வாரி எடுங்கள், மண் கூட்டை உடைத்து ஈரப்படுத்துங்கள், விலகிப் போகும். புல் பாய் மாதிரிச் சுருண்டு கையோடு வந்தால் மட்டும் கீழே வெண்புழு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சதுர அடியில் ஐந்தாறுக்குக் குறைவென்றால் விட்டுவிடுங்கள், மைனா பார்த்துக்கொள்ளும். கூடினால் கோழிகளை ஒரு மணித்தியாலம் திறந்து விடுங்கள், அதற்கு மேல் விட்டால் புல்லையும் கிளறிவிடும்.

இலையில் பூச்சி கண்டால் வேப்பங்கொட்டை. தோல் நீக்கிய பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியால் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் தெளிக்க வேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும். அன்றன்று கரைத்து அன்றன்று முடியுங்கள். ஆனால் கண்டதற்கெல்லாம் தெளிக்காதீர்கள், தேவை வந்தால்தான்.

அம்மம்மா சொல்வதில் நியாயம் உண்டு. புடையன் கிடக்கும் ஊர் இது. நம் முன்னோர் முற்றத்தைப் புல் இல்லாமல் கூட்டி வைத்தது அதனால்தான். வீட்டுச் சுவரைச் சுற்றி மூன்று அடிக்கும் கிணற்றடிக்கும் புல் வேண்டாம், வெறும் மணலாக விடுங்கள். விறகும் ஓடும் குவித்து வைக்காதீர்கள். இருட்டில் ரோச் லைற் இல்லாமல் புல்லில் இறங்காதீர்கள்.

வெட்டுவதில் கவனம். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. அறுகை ஒன்றரை அங்குலத்தில் வையுங்கள், கோடை தொடங்கும்போது இன்னும் சற்று உயர்த்துங்கள். நிலத்தோடு வழித்தால் வெயில் மண்ணில் பட்டுக் களை விதை முளைக்கும். வெட்டிய துணுக்கை வாராதீர்கள், அதுவே உரம். தகடு மொட்டையாக இருந்தால் புல் வெட்டுப்படாமல் கிழியும், நுனி வெள்ளையாகக் காயும்.

எருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சை மாட்டெருவை முற்றத்தில் கொட்டினால் மாடு தின்ற களை விதை எல்லாம் அதோடு வரும். சீமைக்கிளுவைக் குழையும் மாட்டெருவும் மாறி மாறி அடுக்கி, கை வைக்க முடியாத சூடு வரும்படி குவித்து, இரண்டு மூன்று தரம் புரட்டி, மக்கிய பிறகு அரித்துப் போடுங்கள். அரைச் சென்ரிமீற்றர் கனம் போதும், உங்கள் தரைக்கு அரைக் கன மீற்றர் பிடிக்கும். கிரவலுக்கு மேல் இரண்டு விரல் மண் என்கிறீர்கள், அதனால் நடமுன் இன்னும் நான்கு விரல் நல்ல இருவாட்டி மண் போட்டால்தான் வேர் இறங்கும். செலவு செய்வதென்றால் அதற்குச் செய்யுங்கள்.

நெல்லுக்காரன் · ஜூலை 21, இரவு 7.30

என் வயலில் நான் என் கணக்குப்படிதான் செய்வேன், அதில் மாற்றம் இல்லை. முற்றத்துக்கு வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நேற்று என் வீட்டிலும் தேடிப் பார்த்தேன், குசினிக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிய மருந்து ஒன்று கிடந்தது. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது எல்லாம் பூட்டோடு இரும்புப் பெட்டிக்குள்.

பிள்ளை, என்னிடம் மீள்குடியேறிய காலத்துத் தறப்பாள் இரண்டு சும்மா கிடக்கிறது, கனத்தது. ஞாயிறு கிளிநொச்சிச் சந்தைக்கு வருவேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

முறிகண்டி_வழி · ஜூலை 22, காலை 8.15

ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கட்டாக்காலி மாடு! ஒக்டோபரில் நட்ட பச்சையை ஒரு இரவில் நக்கிவிட்டுப் போகும். படலைக் கொழுவியை முதலில் பாருங்கள்.

கிணற்றடி (வட்டக்கச்சி) · நவம்பர் 27, மாலை 5.40

நான்கு மாதமாக எழுதாததற்கு மன்னிக்கவும். எழுத ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஆடி கடைசியில் தறப்பாள் போட்டோம். ஒக்டோபர் முதல் கிழமை எடுத்தபோது கீழே மண் கறுத்து ஈரமாக இருந்தது, வெள்ளைக் கோரைத் தண்டு நூல் நூலாகச் செத்துக் கிடந்தது. ஒரு லோட் இருவாட்டி மண் பறித்துப் பரவினோம். இரும்பு எதுவும் வரவில்லை. அறுகு, குளக்கட்டுப் பக்கமிருந்து இரண்டு கடகம் கொண்டுவந்தோம். இரண்டு மூன்று கணு வரும்படி நறுக்கி, ஒரு சாணுக்கு ஒன்றாக அம்மாவும் நானும் நட்டோம். முதல் மழை பிந்தியது, பத்து நாள் கையால் தண்ணீர் ஊற்றினோம். ஐயா சொன்ன கணக்கு மனதில் நின்றதால் மூன்று ரின் மீன் பேணியை ஆங்காங்கே வைத்து அளந்தேன். நான் நினைத்ததில் பாதித் தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை.

இன்று ஏழாவது கிழமை. முக்கால்வாசி மூடிவிட்டது. கோரை வருகிறது, பத்து நாளைக்கு ஒரு தரம் எடுக்கிறேன். போன தடவை முழுத் தரைக்கும் 64. அதற்கு முதல் தடவை 110. மகள் எண்ணுகிறாள், நூறுக்கு மேல் அவளுக்குத் தடுமாறுகிறது. மாமர நிழலில் பழைய மலேசியன் புல் தானாகவே தேறிவிட்டது, குளிக்கும் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டோம்.

குறையும் சொல்ல வேண்டும். அறுகு கத்தரிப் பாத்திக்குள் ஓடுகிறது. ஓரத்தில் உடைந்த ஓடு புதைத்துப் பார்த்தேன், கீழால் போகிறது. கிழமைக்கு ஒரு தரம் உழவாரத்தால் ஓரம் வெட்டுகிறேன், அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மாடும் ஒரு இரவு வந்தது. படலைக்கு இப்போது சங்கிலி.

நேற்றுப் பக்கத்து வீட்டு அம்மம்மா பிள்ளையாருக்கு அறுகு கிள்ள வந்தார். சுவரோரம் வெறும் மணலாக விட்டிருப்பதைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, இதில் ஒன்றும் அடிக்கவில்லையே என்று அம்மாவிடம் கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகுதான் குனிந்தார்.

நறுக்கி நடுவதற்கு அறுகு தேவையானவர்கள் மழை முடிய முன் வாருங்கள், ஓரம் வெட்டியது நிறையக் கிடக்கிறது. கடகம் மட்டும் கொண்டு வாருங்கள். நெல்லுக்காரன் அண்ணா, தறப்பாளைக் கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.